ஜன்னலோரக் குடித்தனம்

சிதம்பரம் ஸ்டேஷனை விட்டு ரயில் நகர்ந்ததும் பெரிய டீச்சர் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிபன் பைக்குள் போடுவார். அப்புறம் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காருவார். இடது கை முழங்கை ஜன்னல் கம்பியில் ஏறும். அதோடு சரி. அவர் முகத்தில் அதுவரை இருந்த ஒரு பரபரப்பு கழன்று விழுந்துவிடும். மழை பெய்தாலும் ஷட்டரை இறக்கமாட்டார். சாரல் அடித்து என் புடவை நனைகிறதே என்று நான் கத்தினால், “அந்தாண்டை போய் உக்காரு, யாரு உன்னக் கட்டிப் போட்டா?” என்பார். அந்த ஜன்னலோரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கர்ப்பிணிக்குக்கூட நடுவில்தான் இடம் கொடுப்பார், அதுவும் என் இடத்தை.

நாங்கள் இருவரும் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுத்தோம். ஒரே பாடத்துக்கு இரண்டு பேர் என்பதால் பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்றும் என்னைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிடுவார்கள். உயரத்தில் அவர் என் தோளுக்குத்தான் வருவார். வயதில் பன்னிரண்டு மூப்பு. அவர் வீடு சிதம்பரத்தில். என் வீடு கீரப்பாளையத்தில். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து, அங்கிருந்து ரயிலில் பண்ருட்டி வரைக்கும் போய், மறுபடி ஒரு பஸ். எனக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மாமியாரின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ ஒரு விருந்தாளியைப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தாள். பின்கட்டுக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு அழுதேன். எப்படியாவது கீரப்பாளையம் பள்ளிக்கு மாறுதல் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே கிடையாது.

ரயிலில் எங்களோடு ஒரு நர்ஸ் அக்காவும், தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த ஓர் அம்மாவும் வருவார்கள். பேச்சு ஓய்ந்தால் பெரிய டீச்சர் ஒரு கேள்வியை எடுத்துப் போடுவார். “உலகத்துலயே எங்க வேணா வீடு தர்றேன், வாடகை கெடையாது, சாமான் செட்டெல்லாம் உள்ளயே இருக்குது. எங்க போவீங்க?” நர்ஸ் அக்கா சினிமாவில் பார்த்த பனிமலை நாட்டைச் சொல்வார். “துணி காயாது. ஆறு மாசம் ஈர ஜாக்கெட்டோட திரிவியா?” என்பார் டீச்சர். துபாய் என்றால், “நம்ம ஊரு கத்திரி வெயிலே தாங்கல, அங்க வருஷம் பூரா கத்திரி.” கனடா என்றால், “கதவத் தொறக்கணும்னா மொதல்ல மண்வெட்டி எடுக்கணும்டி.” பூகோளம் படித்தவரிடம் வாய் கொடுத்து யாரும் தப்ப முடியாது. எந்த நாட்டைச் சொன்னாலும் அதன் மழை, வெயில், காற்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு ஐந்து நிமிஷத்தில் அந்த வீட்டைக் காலி செய்ய வைத்துவிடுவார். திருப்பதிக்கு அந்தப் பக்கம் போயிராத மனுஷி அவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் முறை வந்தபோது நான், “எனக்கு கீரப்பாளையம்தான் டீச்சர். எங்க வீடுதான். ஆனா பகல்ல” என்றேன். லீவு நாளிலும் அடுப்படி வேலையே சரியாக இருக்கும்; என் வீட்டில் காலை பத்து மணிக்கு வெயில் எங்கே விழும் என்றுகூட எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் அவர் மழையையும் வெயிலையும் இழுக்கவில்லை. என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாலுகா ஆபீஸ் அம்மாவோ, “நான் இவுங்க வீட்டுலயே குடியிருந்துக்கறேன்பா. எழுந்து வாசலுக்கு வந்தா கோபுரம். எத்தன ஜென்மத்துப் புண்ணியமோ” என்று பெரிய டீச்சரைக் காட்டினார். “அப்ப நீங்க எங்க டீச்சர் போவீங்க?” என்று நாங்கள் கேட்டால், “பூகோளம் எடுக்கறவளுக்கு எல்லா ஊரும் சொந்த ஊருதான்” என்று மழுப்பிவிடுவார்.

அவர் வீட்டுக்கு அதற்கு முன் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மாமியார், கல்யாணமாகாத கொழுந்தனார், இரண்டு பையன்கள், மின்வாரியத்தில் வேலை பார்த்த கணவர். போதாததற்குக் கோயில் பக்கத்து வீடு. ஆனியில் தேர் என்றால் பத்துப் பேர், மார்கழியில் தரிசனம் என்றால் இருபது பேர், பெட்டியும் பையுமாக வந்து இறங்கிவிடுவார்கள். நாட்டியாஞ்சலி பார்க்க வருகிறவர்கள் தனிக் கணக்கு. வந்தவர்கள் எல்லோரும், “கொடுத்து வெச்சவ நீ” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவர் போட்ட இட்லியைச் சாப்பிட்டுவிட்டுச் சாமி பார்க்கப் போவார்கள். அந்த நாட்களில் டீச்சர் சமையலறையில் பாய் விரித்துப் படுப்பார். வீட்டில் அவரைக் கடிந்து ஒரு சொல் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. “அண்ணி”, “அம்மா”, “ஏம்மா” என்று நான்கு திசையிலிருந்தும் குரல் வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கோடையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாறுதல் கலந்தாய்வு நடந்தது. ஆசிரியர்களுக்கு அது ஒரு திருவிழா. சீனியாரிட்டி வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். காலி இடங்கள் திரையில் தெரியும். எது வேண்டுமென்று அங்கேயே சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பாடத்துக்குக் கீரப்பாளையத்தில் ஒரே ஒரு காலி இடம். சிதம்பரம் பக்கத்துக்கும் அது ஒன்றுதான். வரிசையில் பெரிய டீச்சர் நான்காவது, நான் பத்தொன்பதாவது. அவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்பதே எனக்கு முதல் நாள் பட்டியல் ஒட்டியபோதுதான் தெரிந்தது. அவரிடம் கேட்டேன். “எங்க வீட்டுக்காரர் ஃபாரம் வாங்கி, அவரே ரொப்பி, எங்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிகினு போய்க் குடுத்துட்டாரு. தினம் நான் ரயில்ல அலையறதப் பாக்க அவருக்கு முடியலயாம்” என்றார். நியாயம்தானே? சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் பஸ்ஸில் கூப்பிடு தூரம். பதினாறு வருஷம் அலைந்த மனுஷி, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் விடுவாரா? ராத்திரி முழுக்க அவரை மனசுக்குள் திட்டினேன், பிறகு திட்டியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அந்த மண்டபத்தில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். நான்காவது பெயரைக் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் எழுந்து போனார். திரையில் கீரப்பாளையம் மூன்றாவது வரியில் இருந்தது. நான் சாமியைக்கூடக் கும்பிடவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் டீச்சர் ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்துகொண்டிருக்கிறார். திரையில் கீரப்பாளையம் அப்படியே இருக்கிறது. தனக்கு மாறுதல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்! நடுவில் இருந்தவர்கள் விருத்தாசலம், நெய்வேலி, கடலூர்க்காரர்கள். ஒருவரும் அந்த வரியைச் சீண்டவில்லை. என் முறை வந்தபோது அவசர அவசரமாகப் போட்ட என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெளியே ஓடி வந்து தேடினேன். அவர் முந்தின பஸ்ஸிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

இப்படி ஒரு உதவியைச் செய்தவருக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஒரு புடவை, ஆப்பிள், வெற்றிலை பாக்கு, நான்கு முழம் மல்லி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் அடுக்கி, குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவரோடு தெற்கு வீதிச் சந்துக்குப் போனேன். கூடத்தில் வீடே நிறைந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் தாம்பாளத்தை நீட்டி, அழுகையும் சிரிப்புமாக, “டீச்சர் மட்டும் கீரப்பாளையத்தை வேணாம்னு எழுதிக் குடுக்கலன்னா எம் புள்ள முகத்த நான் பாத்திருக்கவே முடியாது” என்று உரக்கச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீச்சரின் முகம் வெளுத்தது. அவர் கணவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். “முன்னாடி இருந்த யாரோ எடுத்துட்டாங்கன்னு சொன்னியே?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது. நன்றி சொல்லப் போய் குடும்பத்தின் நடுவில் குண்டு போட்டுவிட்டேன்.

இரண்டு நொடிதான். டீச்சர் என் இடுப்பிலிருந்த குழந்தையைச் சட்டென்று வாங்கிக்கொண்டார். “கைப்புள்ளக்காரிங்க. தினம் ரயில்ல அழுவுறா. மனசு கேக்கல, விட்டுக் குடுத்துட்டேன். நீங்க ஆசப்பட்டு ஃபாரம் போட்டீங்களே, சொன்னா வருத்தப்படுவீங்கன்னு மறைச்சேன்” என்றார். அவர் மாமியார் எழுந்து வந்து மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். “எம் மருமவ மனசு யாருக்கு வரும்?” கணவர் பேப்பரைத் திரும்பவும் பிரித்தார். எங்களுக்குக் காபி வந்தது, கேசரி வந்தது.

வழியனுப்பும் சாக்கில் டீச்சர் என்னோடு சந்து முனை வரைக்கும் வந்தார். என் கணவர் வண்டி எடுக்கப் போனதும் என் கையைப் பிடித்துக் கிள்ளினார். வலிக்கிற மாதிரியே கிள்ளினார். “உனக்காகன்னு யாருடி சொன்னா?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீ அந்த லிஸ்டுலயே இல்லன்னாலும் நான் வேணாம்னுதான் எழுதியிருப்பேன். எனக்காக எழுதுனேன். எங்க வீட்டுல யாரும் கெட்டவங்க கெடையாது. அதான்டி கஷ்டமே. கெட்டவங்களா இருந்தா ஒரு சண்டையப் போட்டுட்டு மூலையில போய் உக்காந்துக்கலாம். எல்லாரும் நல்லவங்க, எல்லாருக்கும் நான் வேணும். ஸ்கூலுக்குப் போனா அங்க நாப்பது புள்ளைங்களுக்கு வேணும். அந்த ரயில்ல காலையில ஒண்ணர மணி நேரம், சாயங்காலம் ஒண்ணர மணி நேரம், எனக்கு யாரும் வேணாம், நானும் யாருக்கும் வேணாம். பரங்கிப்பேட்ட பாலத்துல ஆத்தப் பாத்துகினு போறப்ப எம் பேரே எனக்கு மறந்துபூடும். உலகத்துல எங்க குடியிருப்பேன்னு கேப்பீங்களே, நான் அங்கதான் குடியிருக்கேன். அத எடுத்துகினு போய்க் கீரப்பாளையத்துல வெச்சிட்டா நான் எங்கடி போவேன்?” கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. “வெளிய மூச்சு விட்ட, கொன்னுடுவேன். அவரு தாங்கமாட்டாரு. இந்த வூட்ட விட்டுட்டு ரயில் பொட்டி இவளுக்கு இனிக்குதான்னு ஒடைஞ்சுபோயிடுவாரு.”

நான் மூச்சு விடவில்லை. கீரப்பாளையத்தில் வேலைக்குச் சேர்ந்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, என் பெண்ணை நானே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பத்து மணி வெயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் விழுகிறது என்று கண்டுபிடித்து, பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கொடுத்து வைத்த வாழ்க்கைதான், குறை சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். பெரிய டீச்சர் திருவதிகையிலேயே இருந்தார். எப்போதாவது சிதம்பரம் கடைத்தெருவில் பார்த்தால், “இந்த வருஷமும் தப்பிச்சிட்டேன்டி. வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கல” என்று காதில் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்காரரை ஏமாற்றிவிட்டதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது.

ஆனால் வயதை ஏமாற்ற முடியாதே. இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, மேளம் வைத்து, வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். “இனிமே நீ எங்கயும் ஓட வேணாம். நிம்மதியா வூட்டுல இரு” என்று அவர் கணவர் கூடத்தில் நின்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என்ன செய்வது? ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். பேரன் ஒருவன் முதுகில், பேத்தி ஒருத்தி மடியில். அடுப்பில் தோசைக்கல். இளைத்திருந்தார். முன்பெல்லாம் ஒரு நாட்டையே காலி செய்கிற வாய், “ம்”, “ஆமா” என்று சுருங்கியிருந்தது. புறப்படும்போது மெதுவாகச் சொன்னார்: “காலையில ரயில் கூவுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. தோசை ஊத்திகினே, இப்ப கிள்ளை தாண்டியிருக்கும், இப்ப பாலம் வந்திருக்கும், இப்ப செம்மங்குப்பத்துப் பக்கம் புகைக் கூண்டு தெரியும்னு எண்ணிகினு இருக்கேன். பண்ருட்டி வர்ற வரைக்கும் எண்ணிட்டா அன்னிக்குப் பொழுது போயிடும்.” தனியாக ரயிலில் போய்ச் சுற்றிவிட்டு வாருங்களேன் என்று சொல்லலாம். வீட்டில் என்னவென்று சொல்லிவிட்டுப் போவார்? அறுபது வயதில் ஒருத்தி, “எனக்கு வேலை ஒண்ணும் இல்ல, சும்மா ஜன்னலோரம் உக்காந்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போகும்படியாகவா நம் வீடுகள் இருக்கின்றன?

போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. தலைமையாசிரியை. இடம் எங்கே? பண்ருட்டிக்குப் பக்கத்தில். எந்த ரயிலிலிருந்து தப்பித்தேனோ அதே ரயில். உத்தரவைக் கையில் வாங்கிய அன்றைக்கு எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேராகத் தெற்கு வீதிச் சந்துக்குப் போனேன். கூடத்தில் டீச்சரின் கணவர், நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “சார், எனக்கு ரயில்ல போனா தல சுத்துது. வயசு ஐம்பது நெருங்குது பாருங்க. தனியாப் போக பயமா இருக்கு. வாரத்துல ரெண்டு நாளு டீச்சர் கூட வந்தாங்கன்னா தைரியமா இருக்கும். பண்ருட்டியில என்ன எறக்கிவிட்டுட்டு அவுங்க அடுத்த ரயில்ல திரும்பிடலாம்” என்றேன். எனக்கே அசடு வழிந்தது. மீதி மூன்று நாள் தலை சுற்றாதா என்று கேட்டால் என் கதை கந்தல். சமையலறை வாசலில் நின்ற டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தார். சார் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, “கைப்புள்ளக்காரின்னு அன்னிக்கு விட்டுக் குடுத்த. இப்ப மட்டும் வுட்டுடுவியா? போயிட்டு வா” என்றார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் எங்களுக்கு ரயில். அந்த இரண்டு நாளும் சாரே ஸ்கூட்டரில் டீச்சரைக் கொண்டுவந்து விடுவார். விடுவதோடு போகமாட்டார். பிளாட்பாரம் வரைக்கும் வந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் கொடுப்பார். “மோந்துகினே போம்மா, தல சுத்தாது.” வாரம் இரண்டு பழம். எங்கள் வீட்டில் ஊறுகாய் போட்டே தீர்க்கிறோம். டீச்சர் ரயில் ஏறியதும் சம்மணம் போட்டுக்கொண்டு, ஆலப்பாக்கம் வரும் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போவதே எனக்குப் போதும். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் கிள்ளுவார்.

போன வியாழக்கிழமை ரயில் இருபது நிமிஷம் தாமதம். வந்து நின்றதும் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஜன்னலைப் பிடிக்க ஏறிவிட்டார். சார் வழக்கம்போலப் பழத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு நகரப் போனவளை, “இரும்மா” என்று நிறுத்தினார். “நீ அன்னிக்குத் தாம்பாளம் எடுத்துகினு வந்தியே, அதுக்கு மறு மாசம் ஒருநாளு இவ மூக்குக் கண்ணாடிய வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டா. குடுக்கலாம்னு வண்டிய எடுத்துகினு ஓடியாந்தேன். ரயில் பொறப்புடற நேரம். அதோ, அந்த மாதிரி ஜன்னலோரம் உக்காந்துகினு இருந்தா. பக்கத்துல யாரும் இல்ல. தானா சிரிச்சிகினு இருந்தா. கல்யாணமாயி அத்தினி வருஷத்துல அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்லம்மா. கூப்புட மனசு வரல. கண்ணாடிய சட்டப்பையில வெச்சிகினு திரும்பிட்டேன். அதுக்கப்புறம் அந்த மாறுதல் ஃபாரத்த நான் தொடல.”

ரயில் கூவியது. சார் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா போவமாட்டா. ரிடையர் ஆனதும் என்ன சொல்லி இவள அனுப்பறதுன்னு ஒரு வருஷம் தவிச்சுப் போயிட்டேன். நல்லவேள, உனக்குத் தல சுத்துச்சு.”